கடலுக்கு அந்தாண்ட

நெம்மேலிக் குப்பம்
10.4.2005, ஞாயிறு, காலை 6.10

அக்காவுக்கு,

அரசு எழுதறேன். நீ அனுப்பின கவர் நேத்து வந்துது. உள்ள மொத்தம் ஏழு காகிதம். மூணு தேவையே இல்லாதது. ஒண்ணுல நீ கையெழுத்தே போடல. திருப்பி அனுப்பியிருக்கேன், போட்டு அனுப்பு.

இங்க எல்லாரும் சுகம். லதாவுக்கு ஜலதோஷம் வந்து போச்சு. கல்யாணிக்கு முன்பல்லு ரெண்டு விழுந்துது. சுவத்துல சுனாமித் தண்ணி நின்ன கோடு அப்படியே இருக்கு. ரெண்டு தடவ சுண்ணாம்பு அடிச்சேன், திரும்ப மேல வருது. உப்பு. அது போகாது. நீ எப்படி இருக்கே?

ஒரு விஷயம் எனக்குப் புரியல. மூணு வருஷமா மஸ்கட்ல அந்த மலையாளி வூட்டுல சமைச்சுப் போட்டு அவங்க பசங்களையும் வளத்தே. அப்ப எவனும் உன்கிட்ட சான்றிதழ் கேக்கல. இப்ப நர்சரி ஸ்கூல்ல ஆயா வேலை. குழந்தைங்க மூக்கத் தொடைக்கறதுக்கு, 'இவங்க மேல கேஸ் இல்ல, நல்லவங்க'ன்னு சொந்த ஊர் போலீஸ் எழுதித் தரணுமா? நான் ஈசிஆர் ரிசார்ட்ல ஜெனரேட்டரையும் பேனல் போர்டையும் பாத்துக்கறேன். ஒரு ஒயர் மாத்திக் குடுத்தா இருநூறு பேர் சாவான். என்னை எவனும் இப்படிக் கேக்கல. டிப்ளமோவைக் காட்டினேன், உள்ள விட்டான்.

இனிமே போன் பண்ணாத. ரெண்டு நிமிஷம் அழறே, ஒரு நிமிஷம் மூக்கை உறிஞ்சறே, கார்டு தீந்துடுது. லெட்டர் போடு. லெட்டர்ல அழுதா எனக்குத் தெரியாது.

அரசு


மஸ்கட்
22.4.2005, வெள்ளி

என் தம்பி அரசுக்கு அக்கா எழுதிக்கொண்டது. நீயும் லதாவும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க, நம்ம திருவிடந்தைப் பெருமாளை இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன். நான் நலம். முழங்கால் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. ஏசி தரை.

கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், கோபப்படாதே. அந்தச் சான்றிதழ் கேட்பது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. என் பெண்ணை நான் ஒருத்தர் கையில் விடுவதாக இருந்தால் நானும் கேட்பேன். உன் கையில் விடும்போது கேட்கவில்லை, அது வேறு.

ஏன் இந்த வேலைக்கு இவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று கேட்டிருந்தாயே, போனில் சொல்ல முடியவில்லை. இந்த வீட்டில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. அதுவும் போன வருஷம் தள்ளிப்போனது. நர்சரியில் ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மாசம் மூடிவிடுவார்கள், டிக்கெட்டும் அவர்களே தருவார்கள். கணக்குப் போட்டுப் பார். கல்யாணிக்கு மூன்று வயசில் விட்டு வந்தேன். இப்போது ஆறு. இது கிடைத்தால் ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் பார்ப்பேன். செப்டம்பர் கடைசிக்குள் காகிதம் கொடுக்க வேண்டும்.

நேற்று மதியம் கண் அசந்தபோது ஒரு கனவு. கடல் ரோடு மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. கல்யாணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் மேல் நடந்து வருகிறாள். பாதி வழியில் நின்று, செருப்பைக் கீழே போட்டு, காலில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

கல்யாணி என்னைப் பற்றிக் கேட்கிறாளா? எழுது.

உன் நல்லதை நினைக்கும் அக்கா
தமிழரசி


நெம்மேலிக் குப்பம்
8.5.2005

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். வெயில் மட்டும் தாங்கல. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு, மாத்திரை போடாத.

உன் லெட்டருக்கு வரிசையா பதில்:

1. எம்பசி அனுப்பின பேப்பர் நம்ம ஸ்டேஷனுக்கு வந்துடுச்சு. வந்ததா இல்லையான்னு தெரிஞ்சிக்கவே நாலு தடவ போனேன்.
2. நீ இந்த ஊர்தான்னு விஏஓ சான்று வாங்கியாச்சு. சுனாமி நிவாரணக் கூட்டத்துல அவரப் புடிக்கறதே பேஜாரு. டீக்கடையில மடக்கிட்டேன்.
3. உனக்குப் பதிலா நான் குடுக்கற பிரமாணப் பத்திரத்துக்கு செங்கல்பட்டு கோர்ட் வாசல்ல நோட்டரி கையெழுத்து. ரெண்டு நாள் லீவு போச்சு, ரெண்டு நாள் சம்பளமும் போச்சு.

ரெண்டு நாள் ஏன் ஆச்சுன்னா, முதல் நாள் நோட்டரி சாப்பிடப் போயிருந்தார். சரின்னு கொளவாய் ஏரிப் பக்கம் நடந்தேன். ஏரி ஓரமா ரயில் போச்சு. தண்ணிக்குள்ள தலைகீழா இன்னொரு ரயில். காத்தே இல்ல. ரெண்டுல எது முதல்ல ஸ்டேஷன் சேரும்னு பாத்துகினு நின்னேன். முட்டாள்தனம், தெரியும். அடுத்த ரயிலுக்கும் நின்னேன். திரும்பிப் போனா நோட்டரி பூட்டிட்டுப் போயிட்டார்.

கனவுக்கெல்லாம் என்கிட்ட பதில் இல்ல. மத்தபடி நீ கேட்ட எல்லாத்துக்கும் எழுதிட்டேன்னு நினைக்கறேன்.

அரசு


மஸ்கட்
20.5.2005, வெள்ளி

அன்புத் தம்பி அரசுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. எல்லோரும் சுகம் என்று படித்ததும் மனசு ஆறியது. என் காலும் தேவலை.

மேடம் நல்லவர். அவர் பிள்ளைகள் கொச்சிக்குப் படிக்கப் போகிறார்கள், அதனால் என்னை விடுவிக்கச் சம்மதித்துவிட்டார். போன வாரம் அவரே காரில் கூட்டிப்போய் நர்சரியைக் காட்டினார். சுவர் முழுக்க நீல பெயிண்ட், அதில் மீன்கள். வரைந்தவனுக்கு மீனைத் தெரியாது. வஞ்சிரத்துக்குக் கண் இமை போட்டிருக்கிறான்.

மதியம் குழந்தைகளை வரிசையாகப் பாயில் படுக்க வைப்பார்களாம். திரையை இழுத்ததும் அந்த நீலம் அறை முழுக்க இறங்கி, தண்ணீருக்கடியில் நிற்பது போல இருந்தது. ஆயாவின் வேலை அந்தப் பாய்களுக்கு நடுவில் சத்தமில்லாமல் நடப்பது. யாராவது முழித்துக்கொண்டால் முதுகில் தட்ட வேண்டும். தலைமை டீச்சர் கேட்டார், "உனக்குக் குழந்தை இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். "யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" தம்பி என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பியிடம் சான்றிதழ் வாங்கினாயா?" என்றார். நானும் சிரித்தேன்.

அரசு, நீ நம்பர் போட்டு எழுதினாய். நான் கேட்டது ஒன்றுக்கு நம்பர் இல்லை.

அக்கா
தமிழரசி


நெம்மேலிக் குப்பம்
5.6.2005

அக்காவுக்கு,

நல்ல செய்தி. அதனால நலம் விசாரிக்கறதெல்லாம் கடைசியில.

போன செவ்வாக்கிழமை ஸ்டேஷன்லேர்ந்து ஏட்டு விசாரணைக்கு வந்துட்டுப் போயிட்டார். நான் டூட்டியில. லதா தண்ணி லாரிக்குக் குடத்தை வெச்சுகினு ரோட்டுல. வூட்டுல கல்யாணி மட்டும். லதா திரும்பி வந்து பாத்தா புள்ள கையில பிஸ்கட் பாக்கெட். போலீஸ் மாமா வாங்கிக் குடுத்தாராம். பணம் கேக்காத போலீஸே அதிசயம், இவர் கைக்காசு போட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்கார். நல்ல அறிகுறி. இனி மேல ஆபீஸுக்குப் போய் சீல் குத்தி வரவேண்டியதுதான். ஜூலைக்குள்ள உன் கையில இருக்கும்.

உன் கேள்விக்கு: கல்யாணி நல்லா சாப்பிடறா. ரெண்டாங் கிளாஸ் போறா. வாய்ப்பாடு அஞ்சு வரைக்கும் சொல்றா. சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்ததும் கரைக்குப் போய் விளையாடறா. சுனாமிக்கு அப்புறம் குப்பத்துப் பசங்க பாதி பேர் தண்ணிகிட்டயே போறதில்ல. இவளுக்கு பயம் இல்ல.

நாங்க சுகம். நீ எப்படி கீற?

அரசு


மஸ்கட்
17.6.2005, வெள்ளி

அன்புத் தம்பிக்கும் லதாவுக்கும்,

இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீங்கள் மூவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். நான் நலம். சந்தோஷத்தில் நேற்று சாம்பாரில் உப்பு போடவில்லை. மேடம் அப்படியே சாப்பிட்டார்.

அந்த ஏட்டு நன்றாக இருக்கட்டும். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

ஒரு காரியம் செய். கல்யாணியை ஒரு வெள்ளைப் பேப்பரில் நிற்க வைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. இங்கே எல்லோரும் அப்படித்தான் ஊரிலிருந்து அளவு வாங்குகிறார்கள். ஷூ வாங்கப் போகிறேன். பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் தன் பையன் கால் படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஷூ வாங்கி ஆறு மாசம் ஆகிறது, பேப்பரை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மத்ரா கடலோரம் போய் உட்காருவோம். இந்தக் கடலுக்கு நம்ம கடல் மாதிரிக் குரல் இல்லை. தூங்குகிற மாடு மூச்சு விடுவது போலக் கிடக்கிறது.

கால் படத்தை மறக்காதே.

அக்கா
தமிழரசி


நெம்மேலிக் குப்பம்
3.7.2005

அக்காவுக்கு,

சான்றிதழ் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. படிக்கும்போது உக்காந்துக்கோ.

விசாரணை ரிப்போர்ட்ல ஒரே வரி: 'மேற்படி மனுதாரர் சுனாமியில் காலமாகிவிட்டார்.' கீழ கையெழுத்து, சீல். நேரா ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு மரத்தடியில டீ குடிச்சுகினு இருந்தார்.

"இன்னா சார் எழுதி வெச்சிருக்கீங்க? எங்கக்கா மஸ்கட்ல உயிரோட கீது."

"அப்பிடியா? நல்லதுப்பா. உங்க வூட்டுப் புள்ளதான் சொல்லிச்சி. அம்மா எங்கம்மான்னேன். கடலுக்கு அந்தாண்ட போயிட்சின்னுச்சி. அப்பா? அதுவும் கடலுக்குப் போயிட்சி. எப்ப வருவாங்கன்னு கேட்டேன். 'வராது, நாந்தான் தெனம் போய்ப் பேசிட்டு வருவேன்'னுச்சி. அதுக்கு மேல ஒரு கொழந்தைகிட்ட இன்னா கேக்கச் சொல்ற?"

"பக்கத்து வூட்டுல கேட்டிருக்கலாமே."

"அஞ்சு மாசமா இந்தக் கரை பூரா வூடு வூடா இதே பதிலத்தான் எழுதிகினு வரேன், தம்பி. எந்த வூட்டுலயும் ரெண்டாந்தரம் கேட்டதில்ல. ஒரு பிஸ்கட் வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்."

அவர்கிட்ட அதுக்கு மேல கத்த முடியல. உள்ள போய் இன்ஸ்பெக்டர்கிட்ட கத்தினேன். செத்தவங்க மேல கேஸே இருக்காதே சார், அப்ப நல்லவங்கன்னு எழுதிக் குடுங்களேன்னேன். அவர் சிரிக்கல. உன் பாஸ்போர்ட் நகல், லெட்டர், போட்டோ எல்லாம் காட்டினேன். "காகிதம் எவன் வேணா காட்டுவான். ரிப்போர்ட் மேல போயாச்சு. மாத்தி எழுதணும்னா ஆள் வரணும். கொண்டாந்து நிறுத்து"ன்னுட்டார்.

புள்ளயத் திட்டல. நாமதான் அவகிட்ட மச்சான் கடலுக்குப் போய் திரும்பாத அன்னிலேர்ந்து 'அப்பா கடலுக்குப் போயிருக்கு'ன்னே சொல்லி வந்தோம். நீ போனதும் 'அம்மா கடலுக்கு அந்தாண்ட'ன்னோம். அவளுக்கு ரெண்டும் ஒரே இடம்.

எம்பசியில உயிரோட இருக்கறதுக்கு ஒரு சான்று கேட்டுப் பாரு.

அரசு


மஸ்கட்
15.7.2005

அரசு,

உங்கள் மூவருக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

எம்பசி இருக்கட்டும். சான்றிதழ் இருக்கட்டும். குழந்தை வாய் தவறி அப்படிச் சொன்னாளா, அல்லது அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறாளா? இது ஒன்றை மட்டும் எழுது.

கால் படமும் வரவில்லை.

தமிழரசி


நெம்மேலிக் குப்பம்
7.8.2005

அக்காவுக்கு,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. பேனாவை எடுத்து எடுத்து வெச்சேன். லதா இன்னிக்கு, "நீ எழுதறியா, நான் எழுதட்டுமா?"ன்னா. அவ எழுதினா எல்லாத்தையும் அழகாக்கிடுவா. நானே எழுதறேன்.

நம்பறா.

சுனாமி அன்னிக்கு அவளைத் தூக்கிகினு லதா மாடியில நின்னா. தண்ணி உள்ள வர்றதுக்கு முன்ன கடல் பின்னால போச்சில்ல, அதைப் பாத்திருக்கா. பாறையெல்லாம் வெளிய தெரிஞ்சிருக்கு. அங்க ஊர் இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சிடுச்சாம். அப்பா அங்க கீது, நீயும் அங்க கீற. அம்மா போன்ல பேசுதேன்னு லதா கேட்டா, "அது போன் அம்மா"ன்னுட்டா. அழறதில்ல, ஏங்கறதில்ல. அதனாலதான் எனக்கு எழுதத் தோணல. அழுதிருந்தா ரிப்பேர் பண்ண வழி தேடியிருப்பேன்.

கால் படத்துக்குப் பேப்பரை நீட்டினேன். "அம்மாகிட்ட ஏற்கெனவே குடுத்தாச்சே மாமா"ன்னா. புரியாம பின்னாலயே போனேன். ஈர மணல்ல ரெண்டு காலையும் அழுத்தி நின்னுட்டு, மெதுவா எடுத்தா. பாதம் கண்ணாடி மாதிரி பளபளன்னு கிடந்துது. அலை வந்து எடுத்துகினு போச்சு. அவ கைதட்டிட்டு அடுத்ததை வெச்சா. சூரியன் பின்னால இறங்கி, தண்ணி பால் மாதிரி ஆகற நேரம். குனிஞ்சு ஏதோ கேட்டா. கொஞ்ச நேரம் நின்னா. யாரோ பதில் சொன்ன மாதிரி தலையாட்டிட்டு வூட்டுக்கு நடந்தா. நானும் ஏதாவது கேக்குதான்னு நின்னேன். இதை யார்கிட்டயும் சொல்லாத.

ஏப்ரல்லேர்ந்து ஒரே கேள்வி கேக்கறே. பதில் இதுதான்: அவ உன்னைப் பத்திக் கேக்கறதில்ல. உன்கிட்டயே கேக்கறா.

மஸ்கட் மேற்கே இருக்கு. நீ போனது ஏரோப்ளேன்ல, திருப்போரூர்ப் பக்கம், மலையைத் தாண்டி, வேற கடலுக்கு. புள்ள கிழக்கே பாத்துகினு பேசறா. திசையே தப்பு. அதை அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.

இதோட கால் படம் இருக்கு. மதியம் தூங்கும்போது லதா காலைப் புடிச்சா, நான் கோடு போட்டேன். இடது கால் அசைஞ்சிட்டுது. வலதை நம்பு.

உடம்பைப் பாத்துக்கோ.

அரசு


மஸ்கட்
19.8.2005, வெள்ளி

என் தம்பி அரசுக்கு, லதாவுக்கு,

நலம். நலத்தையே கோருகிறேன்.

கால் படத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நான் ஊரை விட்டு வந்தபோது அந்தக் கால் என் கைக்குள் அடங்கும். இப்போது விரல் நுனியைத் தாண்டி நிற்கிறது.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். செப்டம்பர் 14, புதன்கிழமை, காலை பதினொன்றரைக்குச் சென்னை. பத்து நாள் இருப்பேன். ஸ்டேஷனில் போய் நின்றால் அந்த வரியை மாற்றி எழுதுவார்கள் அல்லவா? மாற்றினால் நர்சரி. மாற்றாவிட்டால் என்ன செய்வதென்று இப்போது நினைக்கவில்லை.

ஒரு யோசனை, சிரிக்காதே. அவள் என்னைக் கடலில் தேடுகிறாள். நான் ரோட்டு வழியாக, சூட்கேசோடு வந்து இறங்கினால் யாரோ ஒரு பொம்பளை என்றுதானே பார்ப்பாள்? போன் அம்மா மாதிரி நான் இன்னொரு அம்மா ஆகிவிடுவேன். கோவளத்தில் நம்ம சந்திரம்மா வீட்டுப் படகு இருக்கிறதே. சாயந்திரம் அதில் ஏறி, அவள் நிற்கிற இடத்துக்கு நேராக வந்து இறங்குகிறேன். எங்கே என்னைக் கேட்டாளோ அங்கிருந்தே வருகிறேன். நேற்று முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, பால் மாதிரித் தண்ணீரில் படகு மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

படகுக்குச் சொல்லி வை. உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

அக்கா
தமிழரசி


நெம்மேலிக் குப்பம்
28.8.2005, ஞாயிறு, காலை 5.40

அக்காவுக்கு,

மூணு பேரும் சுகம். நீ பத்திரமா வா.

படகு வேணாம். சிரிக்கல. நல்லாத்தான் யோசிச்சிருக்கே. கோவளம் வரைக்கும் போய் சந்திரம்மா மகன்கிட்ட பேசியும் பாத்தேன். தரேன்னான். திரும்பி வர்ற பஸ்ல தான் உறைச்சுது. நீ கடல்லேர்ந்து வந்து இறங்கினா, அவ நம்பிடுவா. அதுதான் பிரச்சினை. மறுநாள் சாயந்திரம் அதே இடத்துல போய் நின்னு அப்பா எப்ப வரும்னு கேப்பா. அதுக்கு எந்தப் படகைக் கூப்பிடறது? ஒருத்தர் வர முடியும், ஒருத்தர் வர முடியாது. ரெண்டு இடத்தையும் பிரிச்சுக் காட்டணும். நாம ஒண்ணா சேத்து முடிஞ்சு வெச்சதை நாமதான் அவுக்கணும்.

இன்னொண்ணு. என்னைத் தவிர வேற யார்கிட்ட கேப்பேன்னு எழுதியிருக்கே. அந்தத் தலைமை டீச்சர் கேட்டாங்களே, தம்பிகிட்ட சான்றிதழ் வாங்கினியான்னு. வந்து பாத்துட்டு நீயே எழுதிக் குடு, நல்லவனா இல்லையான்னு.

நான் செய்யப்போறது:

1. செப்டம்பர் 14, லீவு சொல்லியாச்சு. பத்து மணிக்கே ஏர்போர்ட் வாசல்ல நிப்பேன். அழறதை அங்கயே முடிச்சிடு.

2. ஸ்டேஷனுக்கு அன்னிக்குப் போகல. மறுநாள். இன்னும் ஒரு நாள் நீ செத்தவளாவே இருந்தா ஒண்ணும் கெட்டுடாது. ஏட்டுகிட்ட மட்டும் சொல்லி வெச்சிருக்கேன். "கண்டிப்பா கூட்டியா தம்பி, ஒருத்தராவது திரும்பி வந்ததைப் பாக்கறேன்"னார்.

3. ஏர்போர்ட்லேர்ந்து கடலோர ரோட்டுல வரமாட்டோம். திருப்போரூர் சுத்தி, மேற்கேர்ந்து வருவோம். நீ நிஜமா வர்ற திசை அது.

4. அஞ்சேகால் வரைக்கும் லதாகிட்ட டீ குடிச்சுகினு உக்காரு. சூட்கேஸைத் திறக்காத. ஷூவை மட்டும் கையில எடுத்துக்கோ.

5. அஞ்சரைக்கு கல்யாணி கரையில நிப்பா. முதுகு நம்ம பக்கம் இருக்கும். நான் சவுக்கை மரத்துகிட்ட நின்னுக்கறேன், அதுக்கு மேல வரல. நீ தனியா நட. மணல்ல சத்தம் கேக்காது.

6. அவ காலை அழுத்தி வெச்சிட்டு, குனிஞ்சு, கடலைப் பாத்து ஏதாவது கேப்பா. இன்னா கேப்பான்னு எனக்குத் தெரியாது. நீ பின்னாலேர்ந்து பதில் சொல்லு.

7. நம்பர் மட்டும் போட்டிருக்கேன், மிச்சம் உன்னுது.

அரசு